எஸ்தர் கொண்டுவந்த பதநீர்

முத்தையாபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் இப்போதெல்லாம் யாராவது எழுந்து எனக்கு இடம் கொடுக்கிறார்கள். ஐம்பதைத் தொடாதவனுக்கு இவ்வளவு மரியாதை அதிகம். உட்கார்ந்ததும் பின்னாலிருந்து, "இவருக்குத்தாம்ல ரத்தம் பாலாப் போச்சு" என்று ஒரு குரல் வரும். "எருமைப்பாலா, பசும்பாலா?" என்று இன்னொரு குரல் கேட்கும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்தது என்ன, ஏன் வந்தது, ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இதில் இருக்கும். ஆனால் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் என் மனைவி எஸ்தர். என்னைக் கொல்லப் பார்த்தது தான்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. அச்சில் வந்த எழுத்துக்கு அவளிடம் கொஞ்சம் மரியாதை உண்டு. இதையாவது கேட்கிறாளா பார்ப்போம்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் அணைய ஆரம்பித்த பிறகு வேலை கூடியது, நிழல் குறைந்தது. எஸ்தர் நாசரேத் பக்கம். என் தாய்மாமன் மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன்தான் பிள்ளை என்று அவள் சொல்லுவாள். எனக்கு அது கேட்கக் கூச்சமாக இருந்தாலும், அப்படி வளர்க்கப்படுவதில் ஒரு சுகமும் இருந்தது.

சீனி வியாதி எனக்கு ரத்தம் பாலாவதற்குச் சில வருஷம் முன்பே வந்துவிட்டது. முதுகில் வந்த ஒரு கட்டி ஆறவில்லை என்று போனபோது கண்டுபிடித்தார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிப்பைத் தொடாதே என்றார்கள். எஸ்தர் அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த சீனி டப்பாவை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, அந்த டப்பா இருந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுவது நின்றது. கறி, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் என்று ஆனது. கட்டுப்பாடு என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு.

கருப்பட்டி மட்டும் இருந்தது. அதை யாரும் நீக்கச் சொல்லவில்லை; எங்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் கருப்பட்டி இனிப்புக் கணக்கில் வராது, மருந்துக் கணக்கில் வரும். பெரியவளான பெண்ணுக்கு உளுந்தங்களியில் அதுதான். பிள்ளை பெற்றவளுக்கு அதுதான். சளி பிடித்தால் சுக்கோடு அதுதான். கருப்பட்டியைப் போய் இனிப்பு என்று சொல்வது, பெற்ற தாயைச் சமையல்காரி என்று சொல்வது மாதிரி. சீனியால்தான் சீனி வியாதி, பனையிலிருந்து வருவது குளிர்ச்சி என்று எஸ்தர் நம்பினாள். நானும் நம்பினேன். பனங்காட்டுக்குள் பிறந்து வளர்ந்த எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கோடையில் எனக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. மூட்டைக்கு ஒரு கோடாக நான்கு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். கோடுகளே மங்கலாகத் தெரிந்தன. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. பிறகு முழங்கைகளிலும் முழங்காலிலும் சின்னச் சின்னப் பருக்கள் வந்தன. அடி சிவந்து, நுனி மஞ்சளாக, கடுகை இறைத்த மாதிரி. அரிப்பு கொஞ்சம் இருந்தது, வலி இல்லை.

எஸ்தர் விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். "வெயில்ல நிக்கியள்லா, உடம்பு கொதிக்கி அத்தான். சூட்டுக் கொப்புளம் இது" என்றாள். அடுத்த வீட்டு அண்ணாச்சியும் அதையே சொன்னார். எங்கள் தெருவில் சூட்டுக்கு வைத்தியம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: பதநீர்.

தெருவில் பதநீர் கொண்டுவருகிறவன் தண்ணீரும் சாக்ரினும் கலக்கிறான் என்று எஸ்தருக்குச் சந்தேகம். அதனால் அவள் விடியுமுன்னே எழுந்து, ஊருக்கு வெளியே பனை ஏறுகிற இடத்துக்கே தூக்குச்சட்டியோடு போய்விடுவாள். மரத்திலிருந்து இறங்கின கலயத்தை முகர்ந்து பார்த்து, புளிக்காமல் இருக்கத் தடவின சுண்ணாம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, துணியில் வடிகட்டி வாங்கிவருவாள். வெயில் ஏறுமுன் நான் குடித்துவிட வேண்டும். செம்பு நிறையக் கொடுப்பாள். தாகம் இன்னும் இருக்கிறது என்றால் இன்னொரு செம்பு. குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்காகவே நான் பெரிதாக ஏப்பம் விட்டிருக்கிறேன்.

தாகம் கூடியது. பதநீரும் கூடியது. பருக்களும் கூடின. "உள்ள இருக்க சூடெல்லாம் வெளிய வருது" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

ஒருநாள் காலை, கோதுமைக் கப்பலின் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது மேல்வயிற்றில் வலி பிடித்தது. வலி என்றால் அதுவரை எனக்குத் தெரிந்த வலி இல்லை. முன்னால் குத்தி முதுகு வழியாக வெளியே வந்தது. குனிந்தால் கொஞ்சம் தேவலை, நிமிர்ந்தால் உயிர் போயிற்று. வாந்தி எடுத்தேன், குளிர்ந்த வியர்வை ஊற்றியது. லாரியில் படுக்கவைத்து, டவுனிலிருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எஸ்தருக்கு யார் சொன்னார்களோ, நான் கட்டிலில் ஏறுவதற்குள் வந்துவிட்டாள். சேலைத் தலைப்பில் மாவு ஒட்டியிருந்தது.

டாக்டர் சின்ன வயது, மதுரைப் பக்கத்துக்காரர். முந்தின இரவு தூங்காத கண்கள். ரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சுக்குள் பார்த்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். வந்தது சிவப்பு இல்லை. பால் கலந்த மாதிரி ஒரு வெளிர் ரோஸ். கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அடியில் சிவப்பு இறங்கியது. மேலே நின்றது வெள்ளை. பால்காரன் ஊற்றின மாதிரி சுத்தமான வெள்ளை. நர்ஸ் சிஸ்டர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் திருவிழாக் கடை பார்க்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

அது என்ன என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எண்ணெயும் நெய்யும் எந்தக் கொழுப்பால் ஆனவையோ, அதே கொழுப்பு ரத்தத்திலும் ஓடுகிறது. அதற்கு டிரைகிளிசரைடு என்று பெயர். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். எனக்கு அது பாலாகத் திரண்டு நிற்கிற அளவுக்கு ஏறிவிட்டது. முழங்கையில் வந்த மஞ்சள் பருக்கள் சூடு அல்ல. ரத்தத்தில் இடம் போதாமல் தோலுக்குள் ஒதுங்கின அதே கொழுப்பு. அந்தக் கொழுப்பே கணையத்தைப் புண்ணாக்கிவிட்டது. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிற ஒரு சுரப்பி. இன்சுலின் ஊறுவது அங்கேதான். என் வலி அந்த இடத்தின் வலி.

அப்போது இதெல்லாம் தெரியாது. என் மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு ரப்பர் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எஸ்தரிடம் விசாரித்தார்.

"எண்ணெய் நிறையச் சாப்பிடுவாரா? கறி? குடிப்பழக்கம் உண்டா?"

"ஐயோ, ஒண்ணும் கெடையாது டாக்டர். சீனிய நான் வீட்டுக்குள்ளயே விடுறதில்ல."

"வேற என்னதான் குடுக்குறீங்க?"

எஸ்தர் பெருமையோடுதான் சொன்னாள். "சூடு தணியதுக்குக் காலைல பதனி குடுக்கேன். கலப்படம் இல்லாதது. நானே போயி வாங்கியாருவேன். தாகம்னு சொன்னா இன்னொரு செம்பு குடுப்பேன்."

டாக்டர் கையிலிருந்த அட்டையைக் கட்டிலின்மேல் போட்டார். "அறிவிருக்காம்மா உங்களுக்கு? சர்க்கரை வியாதிக்காரருக்குச் செம்பு செம்பா சர்க்கரைத் தண்ணி ஊத்தியிருக்கீங்க! அந்தச் சர்க்கரைதான் கல்லீரல்ல போயிக் கொழுப்பா மாறி ரத்தத்துல நிக்குது. இதுக்கு நேரா விஷத்தையே குடுத்திருக்கலாம்!"

வார்டு முழுவதும் கேட்டது. கட்டில்களிலிருந்து தலைகள் உயர்ந்தன. எஸ்தர் என் கால்மாட்டில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள், சுட்டுவிட்ட மாதிரி. நான் பேச வாயைத் திறந்தேன். தொண்டையில் குழாய், குமட்டல்தான் வந்தது. அவள் வெளியே போய் வராந்தாக் குழாயடியில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வார்த்தை பேச முடிந்திருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சில நாட்கள் வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. கையில் உப்புத் தண்ணீர் பாட்டில் ஏறியது. உப்பளத்து ஊர்க்காரனுக்கு உடம்புக்குள்ளும் உப்புத் தண்ணீரா என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார். அவர் பெயர் சூசை. சங்கு குளிக்கிறவர். காலில் சிப்பி கிழித்த புண் ஆறாமல் வந்திருந்தார், அவருக்கும் சீனிதான். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், அடுத்த விரலுக்காகக் காத்திருந்தார்கள். "கடலுக்கு ஒரு விரல் குடுத்தாச்சு தம்பி. டாக்டருக்கு ஒண்ணு குடுப்பம், என்ன குறைஞ்சிரும்?" என்று சிரிப்பார். டாக்டர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் ஜெபமாலையை விரலிலே சுற்றிக்கொள்வார்.

என் பால் ரத்தத்தில் அவருக்கு ரொம்ப ஆசை. "காலைல ரெண்டு டம்ளர் இந்தப் பக்கம் அனுப்பு, சிஸ்டர்ட்டச் சொல்லிக் காப்பி போட்டுருவம்" என்பார். சிரித்தால் வயிறு வலிக்கும், வேண்டாம் என்று கையால் கெஞ்சுவேன். எஸ்தர் மட்டும் சிரிக்கமாட்டாள். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருப்பாள், கேட்டதைச் செய்வாள், என்னைத் தொடவேண்டிய வேலை வந்தால் சிஸ்டரைக் கூப்பிடுவாள்.

இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். வேளாவேளைக்குச் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சிஸ்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், ரொம்ப அதிகமானால் செங்கல். எனக்கு முதலில் எப்போதும் செங்கல்தான். வீடே கட்டியிருக்கலாம். பிறகு மெல்ல மஞ்சளாயிற்று. காலையில் எடுக்கிற ரத்தமும் நாளுக்கு நாள் தெளிந்தது. ஒருநாள் ரத்தம் ரத்தமாக இருந்தது. டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். எனக்கும் அவர்மேல் இருந்த கோபம் பாதி அன்று போய்விட்டது.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது ஆஸ்பத்திரிக் கதையாகாது. மருந்துச் சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன, எஸ்தர் கடைக்குப் போய் வாங்கி வந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் அவள் கையில் வளையல் இல்லை. எங்கே என்று கேட்டேன். "வேர்க்குரு அத்தான், உறுத்துச்சு, கழத்தி வச்சிருக்கேன்" என்றாள். எங்கே கழற்றி வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாதா?

மூக்குக் குழாயை எடுத்த அன்று டாக்டரிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "மாத்திரைய நான் ஒருநாளும் விட்டதில்லையே டாக்டர். பெறவு ஏன் இப்பிடி ஆச்சு?"

அவர் என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "துறைமுகத்துலதானே வேலை? கப்பல்ல இருந்து சரக்கு இறங்குது. அதை எடுத்துக் குடோன்ல வைக்க ஆள் வேணும்ல? அந்த ஆள்தான் இன்சுலின். சர்க்கரை, கொழுப்பு ரெண்டையும் அதுதான் ரத்தத்துல இருந்து எடுத்து அங்கங்க சேர்க்கணும். உங்களுக்கு அந்த ஆள் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு."

"மாத்திரை?"

"மாத்திரை புது ஆளைக் கொண்டுவராது. இருக்கிற ஆளை விரட்டி வேலை வாங்கும். ஆளே இல்லாமப் போனா யாரை விரட்டுறது? சரக்கு அப்படியே தேங்கிருச்சு."

எனக்குச் சட்டென்று விளங்கியது. ஆள் வராத நாளில் கப்பல் அணைகிற பெர்த்தில் மூட்டை குவிந்துகிடப்பதைப் பார்த்தவன் நான். "அப்படின்னா, அது பதனியால இல்லியா?" என்று கேட்டேன்.

"குவியலைப் பெரிசாக்கினது பதனி. ஆள் குறைஞ்சது பதனியால இல்ல. அது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. அவங்க குடுக்காம இருந்திருந்தாலும் நீங்க ஊசிக்கு வந்துதான் ஆகணும். இவ்வளவு வலியோட வந்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்."

"இத என் வீட்டுக்காரிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் டாக்டர். அன்னைக்கி நீங்க சொன்னதுல இருந்து அவ என்னத் தொடல."

அவர் முகம் வாடிவிட்டது. தான் சொன்னது அவருக்கு நினைவிலேயே இல்லை என்று நினைக்கிறேன். சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்தபோது எஸ்தர் பக்கம் குனிந்து, "அம்மா, அன்னைக்குக் கோபத்துல சொல்லிட்டேன். உங்க மேல தப்பில்ல" என்றார். அவள் எழுந்து நின்று, "சரிங்க டாக்டர்" என்றாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் நல்ல மனுஷர், கடமையைச் செய்துவிட்டார். ஆனால் திட்டியது வார்டு முழுக்கக் கேட்டது. சமாதானம் சொன்னது அவளுக்கு மட்டுந்தான் கேட்டது. அவளுக்கும் சரியாகக் கேட்டிருக்காது.

வீட்டுக்குப் போனால் ஊசியை யார் போடுவது என்ற பேச்சு வந்தது. சிஸ்டர் எஸ்தரைக் கூப்பிட்டார். ஊசியைக் கொதிக்க வைக்கவும், மருந்தை அளந்து ஏற்றவும், காற்றுக் குமிழைத் தட்டி எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார். சாத்துக்குடியில் குத்திப் பழகினாள். பழத்தில் கை நடுங்கவேயில்லை. என் தொடையில் முதல்முறை போடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் போட்டாள். வலிக்கவில்லை என்றேன். மெய்யாகவே வலிக்கவில்லை. அன்றுதான் பல நாளுக்குப் பிறகு அவள் விரல் என்மேல் பட்டது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த நாள் மதியம் அது கெட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. கூட இருப்பவர்கள் அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ளலாம். ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அன்று எஸ்தர் ஊசியைப் போட்டுவிட்டுக் கஞ்சி எடுத்துவரப் போனாள். வர நேரமாயிற்று. ஏன் என்று பின்னால்தான் தெரிந்தது. கஞ்சித் தண்ணீர் லேசாக இனிக்கும் அல்லவா? அந்தப் பயத்தில் சோற்றை வடித்து, கழுவி, மறுபடி வேகவைத்து, மறுபடி வடித்திருக்கிறாள்.

எனக்கு வியர்த்தது. கை நடுங்கியது. பசி என்று சொல்ல முடியாத ஒரு பசி. கட்டிலைக் கடித்துத் தின்னலாம் போல. மின்விசிறி இரண்டாகத் தெரிந்தது. இன்சுலின் தன் வேலையைச் செய்துவிட்டது. எடுத்து வைக்கச் சரக்கு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் இப்படி ஆகும். மூளைக்கு அதுதான் தீனி என்பதால் மனுஷன் பைத்தியம் மாதிரி ஆகிவிடுவான், விட்டால் நினைவு போய்விடும். அப்போது ஒரு கை சீனியை வாயில் போட வேண்டும். சிஸ்டர் இதை எஸ்தரிடம் சொல்லித்தான் இருந்தார்.

அவள் கஞ்சியோடு வந்து நின்றதும், "ஏளா, இனிப்பு குடு. சீக்கிரம்" என்றேன்.

அவள் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இனிப்பா? என்னத்தான் கேக்கிய? கஞ்சி குடிங்க."

"சீனி குடுளா! செத்துருவேன்!"

"மாட்டேன். அத மட்டும் என்ட்டக் கேக்காதிய. என்ன வெட்டிப் போட்டாலும் தரமாட்டேன்."

நான் அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நினைவு தப்புகிறவன் வாயில் எது வேண்டுமானாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த சூசை அண்ணாச்சி கேட்டிருக்கிறார். என்ன சொன்னேன் என்று பலமுறை கேட்டும் அவர் சொல்லவில்லை. "வுடு தம்பி, பேயி பேசுன பேச்சு" என்று தள்ளிவிட்டார். எஸ்தரும் சொன்னதில்லை.

சூசை அண்ணாச்சிதான் கட்டுப்போட்ட காலோடு கட்டிலிலிருந்து குதித்து, "சிஸ்டர்! தம்பி போறான்! ஓடியாங்க!" என்று கத்தியிருக்கிறார். சிஸ்டர் ஓடிவந்து என் உதட்டைப் பிரித்துக் குளுக்கோஸைத் தேய்த்து, நரம்பிலும் ஏற்றினார். இருட்டிலிருந்து விளக்கடிக்கு வந்தவன் மாதிரி நான் திரும்பி வந்தேன். முதலில் தெரிந்தது எஸ்தரின் முகம். சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கஞ்சி தரையில் கொட்டிக் கிடந்தது.

யாரும் அவளைத் திட்டவில்லை. சிஸ்டர் தோளைத் தட்டி, "பயந்துட்டீங்க, அவ்வளவுதான். இனிமே தெரிஞ்சுக்கிட்டீங்கள்லா" என்றார். டாக்டரும் அன்று குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூட அவள் அழுது தீர்த்திருப்பாளோ என்னவோ.

ராத்திரி விளக்கை அணைக்குமுன் அவள் என்னிடம் சொன்னாள்: "குடுக்கக் கூடாதப்ப குடுத்தேன். குடுக்க வேண்டியப்ப குடுக்கல. எனக்கு ஒரு எழவும் தெரியல அத்தான். நீங்க வேற யாரையாவது கட்டியிருந்தா நல்லா இருந்திருப்பிய."

நான் கப்பல் கதையைச் சொன்னேன். ஆள் குறைந்தது, சரக்குத் தேங்கியது, அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னது எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். "நல்லாத்தான் சொல்லுதிய. கேக்க எனக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பாயை உதறிப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. சூசை அண்ணாச்சிக்கு இரண்டாவது விரலும் போயிற்று, கால் தப்பியது. பருக்கள் ஒவ்வொன்றாக அமுங்கி, முழங்கையில் தழும்புகூட இல்லை. ரத்தம் பார்க்கப் போனால் தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். கணையம் மட்டும் திரும்பாது. ஊறாத கிணறு ஊறாததுதான். இனி உள்ள காலம் முழுக்க ஊசி. மருந்துக் குப்பியை மண்பானைத் தண்ணீருக்குள் டம்ளரில் வைத்து எஸ்தர் குளிர்ச்சியாகப் பார்த்துக்கொள்கிறாள். ஊசி போட்டதும் தட்டு தயார். ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. என் சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் வைக்காமல் வாசல்படி தாண்ட விடமாட்டாள். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் மற்ற நோயாளிகளின் வீட்டாரிடம், போய் எஸ்தரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லுகிறாராம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு, சீனி உள்ளவர்களுக்கு, நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வெள்ளையோ கறுப்போ, கரும்போ பனையோ, இனிப்பது எல்லாம் இனிப்புத்தான். மாத்திரை கேட்காமல் போனால் ஊசியைப் பார்த்துப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். இவ்வளவையும் அன்பாக யாராவது எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் வயிறு வலித்திருக்காது. அதுகூடப் பரவாயில்லை, வலி போய்விட்டது. எஸ்தர் விடியுமுன் எழுந்து போன நாட்கள் அவளுக்குக் குற்றமாக ஆகாமல் இருந்திருக்கும். என்னை ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டதை நினைத்து நான் சந்தோஷப்படக்கூட முடியாமல் ஆகிவிட்டதே என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம். வேலையிலிருந்து வெயிலில் வந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எஸ்தர் அடுப்படிக்குப் போனாள். வரக் காணோமே என்று எட்டிப் பார்த்தேன். பானையிலிருந்து மொண்ட செம்பைத் தூக்கி அவள் வாயில் ஒரு மிடறு ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். பிறகு விழுங்கிவிட்டு, செம்பின் விளிம்பைச் சேலையால் துடைத்து எடுத்து வந்தாள்.

"என்னளா, வெறுந்தண்ணிதான?"

"தண்ணிதான் அத்தான், பாத்துட்டேன். குடிங்க."

நான் வாங்கிக் குடித்தேன். குடித்து முடிக்கிறவரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.